திறக்காத கோப்புகளும் நம் தோட்டத்துப் பெயர்களும்

ஆண்டுதோறும் இம்மலருக்கு ஒரு பாடம் எழுதித் தரும்படி செயலவையினர் என்னைப் பணிப்பது வழக்கம். காலமெல்லாம் கரும்பலகையின் முன் நின்றவனுக்குப் பாடம் நடத்துவதைத் தவிர வேறு என்ன தெரியும்? இவ்வாண்டு நான் எடுத்துக்கொண்ட பொருள், கணினியோடு இணைக்கும் வெளி வன்தட்டில், அதாவது நாம் ‘ஹார்ட் டிஸ்க்’ என்று சொல்லும் அந்தச் சிறு பெட்டியில், படிக்க முடியாமற்போன கோப்புகளை மீட்பது எப்படி என்பது. கோயில் மலருக்கு இது ஏற்ற பொருள்தானா என்று சிலர் எண்ணலாம். முழுவதும் படித்தபின் சொல்லுங்கள்.

ஓர் அம்மையாரின் கேள்வி

சென்ற ஆண்டு ஆடி வெள்ளி ஒன்றில், பூசை முடிந்து அன்னதானப் பந்தி நடந்துகொண்டிருந்தது. எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் ஆலய அலுவலகத்துக்கு வந்து என் எதிரே அமர்ந்தார். அவர் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். அவர் பிறந்து வளர்ந்த தோட்டம் இன்று இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. லயத்து மக்கள் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என்று சிதறினர். சிலர் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் போய்விட்டனர்.

“வாத்தியாரே, எங்கப்பா பேரு நம்ம கோயில் புஸ்தகத்துல இருந்துச்சு. ஊர்ப் பேரும் போட்டிருந்தீங்க. பேரப்பிள்ளைங்க இந்தியாவுக்குப் போறாங்க. தாத்தா ஊரு எதுன்னு கேக்குறாங்க. எனக்குச் சொல்லத் தெரியலையே. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்றார்.

“பாக்கிறேன்க்கா, ஒரு வாரம் பொறுங்க” என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் எனக்குள் ஓர் அச்சம் இருந்தது.

அவர் கேட்டது 1996ஆம் ஆண்டு மலரில் வந்த பட்டியல். அதைத் தொகுத்தவன் நான்தான். மாலை வேளைகளில் மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகச் சென்று, ஒவ்வொரு வீட்டிலும் மூத்தவரிடம் பெயர், தகப்பனார் பெயர், இந்தியாவில் ஊர், ஜில்லா ஆகிய நான்கையும் கேட்டு எழுதி, இரவில் கணினியில் தட்டெழுதினேன். அச்சான மலரின் மிச்சப் படிகளை ஆலயத்தின் பொருள் அறையில் அடுக்கி வைத்தோம். கூரை ஒழுகியது, கரையான் வந்தது, ஒரு படிகூடத் தேறவில்லை. என்னிடமிருந்த படியை யாரோ இரவல் வாங்கிப் போனார், யாரென்று நினைவில்லை. எஞ்சியிருந்தது, நெகிழ்வட்டுகளிலிருந்து 2006இல் நான் மாற்றி வைத்த வன்தட்டு ஒன்றுதான்.

இதில் என்ன இருக்கிறது என்று இளையோர் கேட்கலாம். நம் வட்டாரத்துக்கு ஓர் உலகப் பெருமை உண்டு. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் உருவானது. பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். அத்தோட்டத்தை உருவாக்கிய பிரெஞ்சுத் துரை ஹென்றி ஃபோக்கோனியே மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. துரையின் பெயர் உலக நூலகங்களில் இருக்கிறது. காடு வெட்டி, கன்று நட்டு, குலை சுமந்தவர்களின் பெயர் எங்கே இருக்கிறது? பழைய சம்பளப் பேரேடுகளில் இருந்திருக்கலாம். இல்லையென்றால் நம்மைப் போன்ற ஆலயங்களின் உபயப் பட்டியல்களில்தான் இருக்கும். ஆகவே அந்தச் சிறு பெட்டி எனக்கு வெறும் பெட்டியாகத் தோன்றவில்லை.

முதற்பாடம்: கையை எடு

வன்தட்டை அலுவலகக் கணினியில் இணைத்தோம். திரையில் ஓர் அறிவிப்பு வந்தது: இந்தத் தட்டைப் பயன்படுத்துமுன் ‘ஃபார்மட்’ செய்யவேண்டும், செய்யட்டுமா? அலுவலகத் தம்பி ‘ஆம்’ என்பதை அழுத்தப் போனார். வகுப்பறைக் குரலில், “கையை எடு தம்பி!” என்று கத்திவிட்டேன். பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்பர்களே, இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். படிக்க முடியாத கோப்பு வேறு, அழிந்துபோன கோப்பு வேறு. பெரும்பாலும் கோப்பை அழிப்பது பழுதன்று. பழுதைக் கண்டு பதறிய நம் கைதான். அந்த அறிவிப்பு வந்தால் ‘வேண்டாம்’ என்பதை அழுத்துங்கள். தட்டில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். எதையும் சேமிக்காதீர்கள். முறைப்படி கழற்றி எடுத்து வைத்துவிட்டு, பிறகு சிந்தியுங்கள்.

என் முன்னாள் மாணவர் ஒருவர் கணினித் துறையில் வேலை செய்கிறார். அவரை அழைத்தேன். “சார், தொடாம வச்சிருங்க, ஞாயித்துக்கிழமை வர்றேன்” என்றார். அவர் வந்து செய்ததையெல்லாம் மாணவன் போல் பக்கத்தில் அமர்ந்து குறித்துக்கொண்டேன். அதைத்தான் கீழே வரிசையாகத் தருகிறேன். இதில் ஐந்து படிகள் உண்டு. நோய் எந்தப் படியில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பாதி மருத்துவம்.

முதற்படி: கம்பியும் மின்சாரமும்

எளியதை முதலில் பார்க்கவேண்டும். இணைப்புக் கம்பியை மாற்றிப் பாருங்கள். வேறு துளையில், இடையில் கிளைப்பெட்டி எதுவுமின்றி நேராகக் கணினியில் செருகிப் பாருங்கள். வேறொரு கணினியிலும் பாருங்கள். உள்ளங்கை அளவான தட்டு கணினியிலிருந்தே மின்சாரம் பெறும். பெரிய தட்டுக்குத் தனி மின்னிணைப்பு வேண்டும். அந்த இணைப்புக் கருவி பழுதானால் தட்டே போய்விட்டதாக நாம் நினைத்துக்கொள்வோம்.

பிறகு காதைக் கொடுத்துக் கேளுங்கள். சீராகச் சுழலும் ஒலி வந்தால் நல்லது. ‘டக் டக்’ என்று திரும்பத் திரும்பத் தட்டும் ஒலி வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். உள்ளே படிக்கும் முனை பழுதாகியிருக்கலாம். அந்த முனை, சுழலும் வட்டுக்கு மேலே, தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில் மிதப்பது. ஒரு தூசுகூட அதற்கு மலைதான். ஆகவே மூடியைத் திறந்து பார்ப்பதும், குளிர்பெட்டியில் வைத்து எடுப்பதும், தட்டிப் பார்ப்பதும் கூடவே கூடாது. இந்நிலையில் மீட்புத் தொழிலாளரிடம்தான் கொடுக்கவேண்டும். கட்டணம் அதிகமாகலாம், முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோப்பு கிடைக்காவிட்டாலும் கட்டணம் உண்டா என்பதையும் கேளுங்கள்.

எங்கள் தட்டு நல்லபடியாகவே சுழன்றது.

இரண்டாம் படி: வருகைப் பதிவேடு

தட்டு சுழல்கிறது, கணினிக்கும் தெரிகிறது, ஆனால் ‘ஃபார்மட் செய்’ என்கிறது. இதன் பொருள் என்ன?

ஒரு வகுப்பை எண்ணிக்கொள்ளுங்கள். நாற்பது மாணவர்கள் அவரவர் இடத்தில் அமர்ந்திருக்கிறார்கள். ஆனால் வருகைப் பதிவேட்டைக் காணவில்லை. புதிதாக வந்த ஆசிரியர் பதிவேட்டை மட்டும் தேடிவிட்டு, ‘இந்த வகுப்பில் யாருமே இல்லை, புதிய மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளலாமா?’ என்று கேட்கிறார். கணினி கேட்பதும் இதுதான். எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் பதிவேட்டின் ஒரு பகுதி கெட்டிருக்கிறது. கோப்புகள் பெரும்பாலும் அங்கேயே இருக்கின்றன.

சில வேளைகளில் பதிவேடும் கெடவில்லை, மொழிதான் வேறு. ஆப்பிள் கணினியில் அமைத்த தட்டை விண்டோஸ் கணினி பெரும்பாலும் அறியாது. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறையில் அமைத்த தட்டை ஆப்பிள் கணினி படிக்கும், ஆனால் அதில் எழுதாது. ஆகையால் ‘இந்தத் தட்டு கடைசியாக எந்தக் கணினியில் வேலை செய்தது?’ என்று முதலில் கேளுங்கள். வேறு சில தட்டுகளுக்குப் பூட்டு இருக்கும். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் எந்த நிபுணராலும் திறக்க இயலாது. செயலவையில் பொறுப்பு கைமாறும்போது சாவிக்கொத்தோடு இந்த எண்ணையும் எழுதிக் கொடுப்பது முறை.

மூன்றாம் படி: முதலில் நகல், பிறகு வைத்தியம்

விண்டோஸில் ‘செக்டிஸ்க்’ என்று ஒரு சரிபார்ப்புக் கருவி உண்டு. பலரும் முதலில் அதைத்தான் ஏவுவார்கள். பிழை திருத்தும்படி ஏவினால், அது தட்டின் மேலேயே எழுதிப் பதிவேட்டைத் தன் போக்கில் மாற்றிவிடும். நல்ல காலம் இருந்தால் சரியாகும். இல்லையேல் இருந்த தடயமும் போய்விடும்.

என் மாணவர் முதலில் செய்தது, தட்டின் ஒவ்வொரு கட்டத்தையும் அப்படியே இன்னொரு புதிய தட்டுக்கு நகலெடுத்தது. இதற்கு ‘டிடிரெஸ்கியூ’ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினார். அது எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வருகிறது. தேர்வில் தெரிந்த கேள்விகளை முதலில் எழுதிவிட்டுக் கடினமானவற்றுக்குத் திரும்பு என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது போலத்தான். நகல் முடிந்ததும் மூலத்தட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். அதன்பின் எல்லாச் சோதனைகளும் நகலின் மேல்தான் நடந்தன.

நகலின் மேல் ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற மற்றோர் இலவச மென்பொருளை ஏவினார். என்.டி.எஃப்.எஸ். முறையில் தட்டின் பகுதிக்குத் தொடக்கக் குறிப்பு ஒன்று உண்டு. அதன் நகல் அப்பகுதியின் கடைசியில் இருக்கும். எங்களுக்கு முன்குறிப்பு கெட்டிருந்தது. பின்குறிப்பு நன்றாக இருந்தது. அதைக்கொண்டு இதைச் சரிசெய்ததும் 2006இல் நான் வைத்த கோப்புறைகள் எல்லாம் பெயரோடு வந்து நின்றன. எனக்குக் கண் கலங்கியது என்பதை மறைப்பானேன்?

பதிவேடு முற்றாக அழிந்துபோனாலும் வழி இருக்கிறது. ‘ஃபோட்டோரெக்’ என்ற மென்பொருள் பதிவேட்டைப் பார்க்காமல், கோப்புகளின் தலைப்பகுதியை வைத்தே இது படம், இது கடிதம் என்று அடையாளம் கண்டு எடுத்துத் தரும். ஆனால் கோப்பின் பெயர் பெரும்பாலும் வராது. ஆயிரக்கணக்கான பெயரில்லாக் கோப்புகளை உட்கார்ந்து பிரிக்கப் பொறுமை வேண்டும். இன்னொன்றும் சொல்லவேண்டும். சுழலும் வட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வகைத் தட்டுகளில், அழித்த கோப்பின் இடத்தைக் கணினியின் கட்டளைப்படி தட்டே துடைத்துவிடுவதுண்டு. அவற்றில் அழித்ததை மீட்பது பெரும்பாலும் நடவாது.

நான்காம் படி: மென்பொருள் மறந்த கோப்பு

கோப்பு கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் திறக்க மறுக்கிறது. முதலில் அதன் அளவைப் பாருங்கள். சுழியம் என்றிருந்தால் உள்ளே ஒன்றுமில்லை. வேறு படியைத் தேடவேண்டும். அளவு இருந்தால் உள்ளே செய்தி இருக்க வாய்ப்புண்டு.

1990களில் எழுதிய வேர்ட் கோப்புகளைப் புதிய வேர்ட் பாதுகாப்புக் கருதித் தடுப்பதுண்டு. அச்சகங்கள் அக்காலத்தில் பக்கம் அமைத்த பேஜ்மேக்கர் இன்று வழக்கில் இல்லை. அதன் கடைசிப் பெரும்பதிப்பு 2001இல் வந்தது. அதற்கு வாரிசாக வந்த இன்டிசைன் மென்பொருளும், சிஎஸ்6க்குப் பிறகு வந்த பதிப்புகளில் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறப்பதில்லை. இவ்விரண்டு தொல்லைக்கும் ‘லிபர்ஆபீஸ்’ என்ற இலவச மென்பொருள் பல வேளைகளில் கைகொடுக்கிறது. பழைய வேர்ட் கோப்புகளைத் திறக்கும். 2015இல் வந்த 4.4ஆம் பதிப்பு முதல் பேஜ்மேக்கர் கோப்புகளையும் ஓரளவு திறக்கும். திறந்ததும் பழைய கோப்பின் மேலேயே சேமிக்காமல், புதிய பெயரில் சேமியுங்கள்.

ஐந்தாம் படி: எழுத்து மாறிய கோப்பு

எங்கள் பட்டியல் திறந்தது. ஆனால் அதில் ஒரு சொல்கூடத் தமிழாக இல்லை. ஆங்கில எழுத்துகளும், தலையில் புள்ளியும் கோடும் இட்ட ஐரோப்பிய எழுத்துகளும் பக்கம் பக்கமாக நின்றன. “வைரஸா சார் இது?” என்றார் அலுவலகத் தம்பி. “இல்லப்பா, இது தமிழ்தான்” என்றேன்.

இதைச் சற்று விளக்கவேண்டும். கணினி எழுத்தை அறியாது, எண்ணைத்தான் அறியும். அந்நாளில் ஓர் எழுத்துருவில் 256 இடங்களே உண்டு. முதல் 128 ஆங்கிலத்துக்கு. மிச்சத்தில் தமிழை எப்படி அடுக்குவது என்பதற்கு ஒரே விதி இல்லை. ஒவ்வோர் எழுத்துரு ஆக்குநரும் தம் விருப்பப்படி அடுக்கினார். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980களிலேயே ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை அளித்தார். இலங்கைத் தமிழரிடையே ‘பாமினி’ பரவியது. பாமினி ஆங்கில இடங்களிலேயே தமிழை வைத்தது. அதில் ‘தமிழ்’ என்று எழுதிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் தெரியும். எழுத்துருதான் திறவுகோல், அது இல்லாவிட்டால் செய்தி பூட்டிக் கிடக்கும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத் தமிழர் பலமுறை கூடினார்கள். சிங்கப்பூரில் 1997இல் தமிழிணைய மாநாடு நடந்தது. சென்னையில் 1999இல் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்ற முறைகள் வந்தன. அதே காலத்தில் இணையத் தமிழர்கள் கூடி ‘திஸ்கி’ என்ற முறையை வகுத்தார்கள். 2000இல் ‘உத்தமம்’ அமைப்பு பிறந்தது. 2001இல் நம் கோலாலம்பூரிலும் மாநாடு நடந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோட் முறையில் 1991இலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியிருந்தனர். ஆனாலும் அது பரவலான வழக்குக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. தமிழ்நாடு அரசு 2010இல்தான் அதை முறைப்படி ஏற்றது. ஆக, 2000ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் அதற்கு முன்னும் தட்டெழுதிய நம் ஆலய, பள்ளி, சங்கக் கோப்புகள் பெரும்பாலும் பழைய பூட்டுகளில்தான் இருக்கும்.

கண்ணில் தெரிவதை வைத்தே நோயை அறியலாம். ஐந்து அடையாளங்கள் சொல்கிறேன்.

1. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியும் மட்டும் கலந்து தெரிந்தால், அது பாமினி போன்ற முறை.

2. தலையில் புள்ளியும் கோடும் உள்ள ஐரோப்பிய எழுத்துகள் பலவகையாகத் தெரிந்தால், திஸ்கி, டாம், டாப் அல்லது பழைய தனி எழுத்துரு.

3. சாய்கோடு இட்ட சிறிய ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தும், வட்டத்துக்குள் ‘ஆர்’ உள்ள குறியும் திரும்பத் திரும்ப வந்தால், அது யூனிகோட் தமிழ்தான். கணினி தவறாகப் படிக்கிறது. திறக்கும்போது ‘யு.டி.எஃப்.-8’ என்பதைத் தேர்ந்தால் சரியாகிவிடும்.

4. வெறும் சதுரக் கட்டங்களாகத் தெரிந்தால், பெரும்பாலும் அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. கோப்பு நலமாக இருக்கிறது.

5. வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் தெரிந்தால் வருந்தவேண்டியதுதான். எழுத்தின் எண்ணே அழிந்துவிட்டது. வேறு படியைத் தேடவேண்டும்.

முதல் இரண்டுக்கும் மாற்றி மென்பொருள்கள் உண்டு. சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.எச்.எம். மாற்றியும், சுரதாவின் ‘பொங்கு தமிழ்’ மாற்றியும் பலருக்கு உதவியவை. வேர்ட் கோப்பாக இருந்தால் எழுத்துருவின் பெயர் மேலே உள்ள பெட்டியில் இன்னும் நிற்கும். அதுவே முதல் தடயம். அந்த எழுத்துரு பழைய குறுவட்டில் கிடைத்தால் நிறுவிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மாற்றியில் ஒவ்வொரு முறையாகத் தேர்ந்து பாருங்கள்.

அரூரா, ஆரூரா?

எங்கள் கோப்புக்குரிய எழுத்துரு கிடைக்கவில்லை. மாற்றியில் ஒவ்வொன்றாகத் தேர்ந்தோம். ஆறாம் முறையில் ‘திரு’ என்ற சொல் தெரிந்தது. பிறகு ஊர்கள் தெரிந்தன. முசிறி, துறையூர், திண்டிவனம், நாமக்கல் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் சில எழுத்துகள் மட்டும் தவறி நின்றன. அந்த அம்மையாரின் தகப்பனார் பெயர் சரியாக வந்தது. ஊர் இருந்த இடத்தில் முதல் எழுத்துக்குப் பதில் ஒரு பதிப்புரிமைக் குறியும், அடுத்து ‘ரூர், சேலம் ஜில்லா’ என்பதும் இருந்தன.

“ஆரூரா இருக்கும் சார், திருவாரூர்” என்றார் என் மாணவர். “திருவாரூர் சேலத்துல எங்கேப்பா இருக்கு?” என்றேன். ஊகத்தால் ஊரை நிரப்பினால் ஒரு குடும்பத்தைத் தவறான திசைக்கு அனுப்பிவிடுவோம். ஆகவே அதே குறி வேறு எங்கே வருகிறது என்று தேடினோம். ‘ம்மன்’ என்பதற்கு முன்னால் அது நின்றது. ‘ன்னதானம்’ என்பதற்கு முன்னாலும் நின்றது. ‘ஆலயம்’ என்ற சொல்லிலோ ‘ஆ’ ஒழுங்காகவே இருந்தது. ஆகவே அந்தக் குறி ‘அ’தான். ஊர் அரூர். வரைபடத்தில் பார்த்தால் அரூர் இன்று தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது. தருமபுரி 1965இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. அவர் அப்பா அதற்கு முன்பே கப்பலேறியவர். தமக்குத் தெரிந்த ஜில்லாவைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார். இரண்டு சான்றும் பொருந்தின.

பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது; எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். உ.வே. சாமிநாதையர் அத்தகைய ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். நம் வேலை அதன் முன் தூசுக்குச் சமம். ஆனாலும் பாடம் ஒன்றே: தெரிந்த சொல்லைக் கொண்டு தெரியாத எழுத்தைக் காணவேண்டும்; ஊகத்தை உண்மை என்று எழுதக்கூடாது.

செய்தியைச் சொன்னபோது அம்மையார் “அரூரு... அரூரு...” என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். “ஆமா வாத்தியாரே, அப்பா அப்படித்தான் சொல்லுவாரு” என்றார். வேறொன்றும் பேசவில்லை.

என் பிழை

இத்துடன் முடித்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் ஆசிரியன் தன் பிழையையும் சொல்லவேண்டும்.

அதே கோப்புறையில் வேறொரு தோட்டத்தின் பட்டியலும் இருந்தது. திறந்தேன். முழுவதும் கேள்விக்குறிகள். அடையாளம் ஐந்து. நினைவு வந்தது. 2008இல் அந்தப் பட்டியலை மட்டும் யூனிகோடுக்கு மாற்றி, நோட்பேடில் ஒட்டிச் சேமித்தேன். அக்காலத்து நோட்பேட், ‘ஆன்சி’ என்ற பழைய முறையில்தான் இயல்பாகச் சேமிக்கும். அதில் தமிழுக்கு இடமில்லை. எழுத்துகள் இழக்கப்படும் என்று ஓர் எச்சரிக்கையும் வந்தது. நான் படிக்காமல் ‘சரி’ என்று அழுத்தினேன். பிறகு, மாற்றியாகிவிட்டதே என்று மூலக்கோப்பையும் அழித்துவிட்டேன். சேமித்ததை மூடித் திறந்து ஒருமுறை பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கேள்விக்குறிகள் தட்டில் உறங்கின. அந்தத் தோட்டத்துப் பெரியவர்களில் பலர் இன்று இல்லை. அவர்கள் எனக்குச் சொன்ன ஊர்ப்பெயர்களை நானே தொலைத்தேன்.

இனிச் செய்யவேண்டியவை

ஒரே படி என்பது படியே அன்று. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. பிரதியே இல்லாதவையும் அவற்றில் இருந்தன. அத்தகைய இழப்புகளைக் கண்ட ஈழத் தமிழர்கள் 2005இல் ‘நூலகம்’ என்ற மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். நம் சிறிய ஆலயத்துக்கும் அந்த எண்ணம் வேண்டும்.

மூன்று படிகள் இருக்கட்டும். இரண்டு வெவ்வேறு வகைக் கருவிகளில் இருக்கட்டும். ஒன்று ஆலயத்துக்கு வெளியே இருக்கட்டும். கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதை மூடித் திறந்து, வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். அதன்பின்னும் மூலத்தை அழிக்காதீர்கள். பழைய எழுத்துருவில் செய்த பி.டி.எஃப். கோப்பு பார்வைக்குத் தமிழாக இருக்கும், ஆனால் அதிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் பழையபடி புதிராகிவிடும், அதையும் சோதியுங்கள். முக்கியமான பட்டியலைத் தாளில் அச்சிட்டு ஈரம்படாத இடத்தில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, சரசுவதி பூசையன்று வன்தட்டையும் ஏடுகளோடு வைத்து, விசயதசமியன்று ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பாருங்கள். இவ்வாண்டு முதல் நம் அலுவலகத்தில் இதை வழக்கமாக்கச் செயலவை இசைந்திருக்கிறது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். கோலசிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம் வரை, யார் வீட்டிலாவது நம் 1996ஆம் ஆண்டு மலர் இருந்தால், அட்டை கிழிந்திருந்தாலும் சரி, சாமி மேடையின் அடியிலோ பழைய இரும்புப் பெட்டியிலோ கிடந்தாலும் சரி, தயவுசெய்து அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரு மணி நேரத்தில் படமெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். என்னிடமிருந்து இரவல் வாங்கிப் போனவர் இதைப் படித்தால், தயங்காமல் வரவும். ஒரு கோபமும் இல்லை. ஒரு தோட்டத்துப் பெயர்கள் முழுவதும் இப்போது அந்த ஒரு புத்தகத்தில்தான் இருக்கின்றன.